துணிக்கூரையின் எடை மண்ணுக்குள் இருக்கிறது

பழைய பாம்பன் பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில், காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் விழாது. ரயில் கரையிலேயே நின்றுவிடும். 58 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 16.1 மீட்டர். இந்தக் காற்று ஒரு பரப்பை எவ்வளவு அழுத்தும் என்பதற்குக் காற்றுப் பளுவுக்கான இந்தியத் தரநூலான ஐ.எஸ். 875, மூன்றாம் பகுதியில் எளிய வாய்பாடு இருக்கிறது. நொடிக்கு எத்தனை மீட்டர் என்ற எண்ணை அதே எண்ணால் பெருக்கி, பிறகு 0.6-ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கு எத்தனை நியூட்டன் என்று கிடைக்கும். பாம்பனில் ரயிலை நிறுத்திய காற்றுக்கு 156 நியூட்டன், அதாவது 16 கிலோ எடை. புயலில் மணிக்கு 180 கிலோமீட்டர் வந்தால் 1,500 நியூட்டன், 153 கிலோ. வேகம் மூன்று மடங்கு, அழுத்தம் ஏறக்குறைய பத்து மடங்கு.

இனி கூரைகளின் எடையைப் பாருங்கள். 12.5 செ.மீ. கான்கிரீட் தளம் சதுர மீட்டருக்கு 310 கிலோ. காற்று 153 கிலோவால் மேலே இழுத்தாலும் அது அசையாது. பி.வி.சி. பூசிய பாலியெஸ்டர் துணி சதுர மீட்டருக்கு ஒரு கிலோ, அதற்கும் சற்றுக் குறைவு. மீதி 152 கிலோவை யார் பிடித்துக்கொள்வது? இராமநாதபுரம் கரையில் துணிக்கூரை போட நினைக்கும் எவரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். துணியின் நிறம், கூம்பின் அழகு, படத்தில் பார்த்த வடிவம் எல்லாம் அப்புறம்தான். துணியையும் வடத்தையும் இழுத்துக் கட்டும் இழுவிசைக் கட்டமைப்பு எடை குறைந்தது என்று சொல்லும்போது மேலே உள்ளதை மட்டும்தான் சொல்கிறோம். மேலே மிச்சப்படுத்திய எடையில் பெரும்பங்கைக் கீழே புதைக்க வேண்டியிருக்கிறது, அல்லது வேறு வழியில் ஈடுகட்ட வேண்டியிருக்கிறது.

இந்தத் துறையின் பெரிய கட்டடங்கள் எல்லாமே இந்தக் கேள்விக்கு ஏதோ ஒரு பதில் சொல்லியிருக்கின்றன. 1952-இல் அமெரிக்காவின் ராலே நகரில் எழுந்த டார்ட்டன் அரங்கில், எதிரெதிராகச் சாய்ந்து ஒன்றையொன்று வெட்டும் இரண்டு கான்கிரீட் வளைவுகளுக்கு நடுவே கம்பிவடங்கள் கட்டப்பட்டிருக்கின்றன. வடங்கள் வளைவுகளை உள்ளே இழுக்கின்றன, வளைவுகள் அந்த இழுப்பை அமுக்கமாக வாங்கிக்கொள்கின்றன. கணக்கின் பெரும்பகுதி கூரைக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. ஜெர்மன் கட்டடக் கலைஞர் ஃபிரை ஓட்டோ 1967-இல் மாண்ட்ரியல் கண்காட்சியில் ஜெர்மன் அரங்குக்கும், கட்டடக் கலைஞர் பேனிஷின் குழுவினருடன் 1972 மியூனிக் ஒலிம்பிக் மைதானத்துக்கும் செய்தது மறுவழி: கம்பங்கள், கம்பிவலை, இழுப்பு முழுவதும் தரைக்கு. மியூனிக் படங்களில் கூரை மிதப்பதுபோல் தெரியும். அதைப் பிடித்திருக்கும் நங்கூரங்கள் படத்தில் வராது. சேப்பாக்கம் மைதானத்தில் 2011-இல் வந்த புதிய மாடங்களின் துணிக்கூரையைப் பார்ப்பவர்கள் துணிக்குக் கீழே உள்ள இரும்பையும் கொஞ்ச நேரம் பார்க்க வேண்டும்.

ஆக, வழி இரண்டு. இழுப்பைச் சட்டத்துக்குள் முடிப்பது ஒன்று, மண்ணுக்கு அனுப்புவது மற்றொன்று. நம் கரைக்கு எது சரி என்பதைச் சொல்ல ஒரு சிறு கூரையை முழுக்கக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். வலை பின்னவோ மீன் ஏலம் போடவோ 8 மீட்டருக்கு 8 மீட்டர் இடம். நான்கு மூலையில் நான்கு கம்பம். எதிரெதிர் மூலைகள் இரண்டு உயரம், மற்ற இரண்டு தாழ்வு. சேண வடிவம் என்பார்கள்.

தட்டையாக ஏன் கட்டக் கூடாது? துணி காயப்போடும் கொடியை விறைப்பாகக் கட்டக் கட்ட, ஒரு சட்டை போட்டாலே ஆணி பிடுங்கிக்கொண்டு வருவதைப் பார்த்திருப்பீர்கள். தொய்வு குறைந்தால் இழுப்பு ஏறும். இரண்டு முனைகளுக்கு இடையே உள்ள தூரத்தின் வர்க்கத்தை மீட்டருக்கான பளுவால் பெருக்கி, தொய்வின் எட்டு மடங்கால் வகுத்தால் இழுப்பு வரும். 8 மீட்டர் தூரம், மீட்டருக்கு 100 கிலோ பளு, 80 செ.மீ. தொய்வு என்றால் இழுப்பு ஒரு டன். அதே தொய்வை 20 செ.மீ. ஆக்கினால் நான்கு டன். தட்டையான துணியில் தொய்வு சுழியத்தை நெருங்குகிறது, இழுப்பு எல்லையில்லாமல் போகிறது. துணி அதைத் தாங்காமல் நீளும்; நீண்டதும் தொங்கும்; தொங்கியதும் ஐப்பசி மழை அங்கே தேங்கும். 10 செ.மீ. தண்ணீர் சதுர மீட்டருக்கு 100 கிலோ. அந்த எடையால் பள்ளம் ஆழமாகும், ஆழமானதால் இன்னும் தண்ணீர் சேரும். மழையில் கிழியும் கூரைகள் கிழிவது இப்படித்தான். அதில் காற்றுக்குப் பங்கே இருக்காது.

சேண வடிவத்தில் துணி ஒரு திசையில் பள்ளமாகவும் குறுக்குத் திசையில் மேடாகவும் வளைகிறது. உயர்ந்த மூலைகளுக்கு இடையே உள்ள பள்ளத் திசை மழையையும் கீழ்நோக்கிய காற்றையும் தாங்கும். தாழ்ந்த மூலைகளுக்கு இடையே உள்ள மேட்டுத் திசை மேலே இழுக்கும் காற்றைப் பிடிக்கும். இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டிருப்பதால்தான் துணி அசையாமல் நிற்கிறது. மூலைவிட்டம் 11.3 மீட்டர். தாழ்ந்த மூலை 2.5 மீட்டர், உயர்ந்த மூலை 4.5 மீட்டர் வைத்தால் நடுவில் வளைவு ஒரு மீட்டர்தான், அதாவது பதினொன்றில் ஒரு பங்கு. போதாது. உயர்ந்த மூலையை 5.3 மீட்டராக ஏற்றினால் வளைவு 1.4 மீட்டர், எட்டில் ஒரு பங்கு. இதற்குக் கீழே போக வேண்டாம் என்பது என் கருத்து. "கம்பத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாமே" என்ற பேரத்தில் முதலில் சாவது இந்த வளைவுதான். அதோடு கூரையும் சாகிறது.

மேலிழுப்பு சதுர மீட்டருக்கு 100 கிலோ, சுமார் ஒரு கிலோ நியூட்டன் என்று வைத்துக்கொள்வோம். சரியான எண்ணுக்கு ஐ.எஸ். 875-இன் காற்று வரைபடத்தில் உங்கள் ஊருக்கு உரிய அடிப்படை வேகத்தையும், கூரையின் சாய்வுக்கும் திறப்புக்கும் உரிய கெழுக்களையும் எடுக்க வேண்டும். அதன் 2015 பதிப்பில் கிழக்குக் கரையின் 60 கிலோமீட்டர் பட்டைக்குள் புயல் முக்கியத்துவக் கெழு என்று ஒன்று உண்டு. சாதாரணக் கட்டடத்துக்கு 1.00, தொழிற்கூடத்துக்கு 1.15, புயலுக்குப் பிறகும் நின்று பயன்பட வேண்டியதற்கு 1.30. இது வேகத்தைப் பெருக்குவது, அழுத்தத்தில் 1.3 என்பது 1.69 ஆகிவிடும். புயல் பாதுகாப்பு மையத்தின் முகப்பில் துணிப்பந்தல் போடச் சொன்னால் இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் கூரையில் தாழ்ந்த மூலைகளுக்கு இடையே துணியில் வரும் இழுப்பு மீட்டர் அகலத்துக்கு 11.4 கிலோ நியூட்டன், ஏறத்தாழ 1.2 டன். பி.வி.சி. துணியின் முதல் வகை 5 செ.மீ. பட்டைக்கு 3,000 நியூட்டன் தாங்கும், அதாவது மீட்டருக்கு 60 கிலோ நியூட்டன். துணிக்குப் பாதுகாப்புக் கெழு ஐந்து வைப்பது வழக்கம், ஏனென்றால் வெயிலில் வலு குறையும், தையலில் குறையும், சிறு கிழிசல் ஓடும். ஐந்தால் வகுத்தால் 12. தொட்டும் தொடாமலும் இருக்கிறது. பாவில் (நீள இழையில்) 4,400 நியூட்டன் தாங்கும் இரண்டாம் வகை என்றால் 17.6 வரும். இரண்டாம் வகையை எடுங்கள். நாற்று நிழலுக்குப் போடும் பச்சை வலையை இந்த வேலைக்கு எடுப்பது சரியே இல்லை. ஓட்டை இருப்பதால் காற்று போய்விடும் என்பது பாதி உண்மைதான். பலத்த காற்றில் அதுவும் நிரம்பிய பாய்போல இழுக்கும்.

அடுத்து விளிம்பு. துணியின் ஓரத்தில் உறைபோல மடித்து ஒட்டி, அதற்குள் கம்பிவடம் ஓடும். விளிம்பு நேர்கோடாக இருக்க முடியாது, உள்நோக்கி வளைந்தே ஆக வேண்டும். மீண்டும் அதே தொய்வுக் கணக்குதான். நீளத்தில் பத்தில் ஒரு பங்கு, 80 செ.மீ. வளைவு கொடுத்தால் அந்த வில்லின் ஆரம் 10.4 மீட்டர். விளிம்புக்குச் செங்குத்தாகத் துணி மீட்டருக்கு 6 கிலோ நியூட்டன் இழுத்தால் வடத்தில் 62 கிலோ நியூட்டன், 6.3 டன். உடையும் பளு 13 டன்னுக்குக் குறையாமல் சான்றிதழோடு வரும் வடம் வேண்டும்.

இந்த வளைவால் இன்னொரு விளைவும் உண்டு. இதைக் கூரை போடுபவர்கள் முன்கூட்டிச் சொல்வதே இல்லை. நான்கு பக்கமும் 80 செ.மீ. உள்ளே போனால் 64 சதுர மீட்டர் இடத்தில் துணி மூடுவது 47 மட்டுமே. கால்வாசிக்கும் மேல் நிழல் போய்விட்டது. மீன் கூடையை ஓரத்தில் வைப்பவருக்கு வெயில்தான். 8 மீட்டர் நிழல் வேண்டுமென்றால் கம்பங்களை 9.5, 10 மீட்டரில் நட வேண்டும்.

இப்போது மூலை. விளிம்பு வடம் மூலையை அடையும்போது 22 பாகை உள்ளே திரும்பியிருக்கும். ஆகவே இரண்டு வடங்களுக்கும் நடுவே 90 பாகை இல்லை, 46 பாகைதான். இரண்டும் ஏறக்குறைய ஒரே பக்கம் இழுக்கின்றன. கூட்டினால் 114 கிலோ நியூட்டன், 11.6 டன். கூரை முழுவதையும் காற்று மேலே தூக்கும் மொத்த விசை 47 சதுர மீட்டருக்கு 4.8 டன்தான் என்பதைக் கவனியுங்கள். 4.8 டன் தூக்கல் ஒவ்வொரு மூலையிலும் 11 டன்னுக்கு மேல் இழுப்பாக மாறிவிடுகிறது. இது காகிதத்தில் போடும் முதல் தோராயம். இறுதிக் கணக்கை, துணி எந்த வடிவில் சமநிலையில் நிற்கும் என்று உருவம் தேடும் மென்பொருளில்தான் போட வேண்டும். மியூனிக் வேலைக்காக லிங்க்விட்ஸ், ஷெக் என்ற ஆய்வாளர்கள் வளர்த்த விசையடர்த்தி முறைதான் இன்றும் பல மென்பொருள்களுக்குள் ஓடுகிறது. ஆனால் தோராயம் கையில் இல்லாமல் மென்பொருளை நம்பினால், ஒரு புள்ளி தவறி விழுந்தாலும் கண்ணில் படாது.

அந்த 11.6 டன்னை மண்ணுக்கு அனுப்பிப் பார்ப்போம். கம்பத்தின் தலையிலிருந்து பின்பக்கம் இரண்டு தாங்குவடங்கள், 45 பாகைச் சாய்வு. ஒவ்வொன்றின் அடியிலும் மேல்நோக்கி 57 கிலோ நியூட்டன் தூக்கல், 60 என்று வைத்துக்கொள்வோம். ஒன்றரை மடங்கு பாதுகாப்போடு 90. கான்கிரீட் கன மீட்டருக்கு 24 கிலோ நியூட்டன். ஆகவே 3.75 கன மீட்டர் கட்டை போதும் என்று மதுரையில் உட்கார்ந்து கணக்குப் போடுபவர் எழுதிவிடுவார். இந்தக் கரையில் தங்கச்சிமடத்திலோ மண்டபத்திலோ ஆள் உயரம் தோண்டுவதற்குள் தண்ணீர் வந்துவிடும் இடங்கள் பல. தண்ணீரில் மூழ்கிய கான்கிரீட்டின் எடை 24 இல்லை, 14. கட்டை 6.4 கன மீட்டர் ஆகிறது, பக்கத்துக்கு 1.86 மீட்டர் உள்ள கனசதுரம். புயலும் மழையும் நிலத்தடி நீரை உச்சத்துக்கு ஏற்றும் அதே நாளில்தான் காற்றும் உச்சத்தில் இருக்கும் என்பதால், கோடையில் தோண்டிப் பார்த்த ஈரமட்டத்தை வைத்துக் கணக்குப் போடக் கூடாது.

மேலே தூக்குவதை மட்டும் பார்த்தாலும் போதாது. பக்கவாட்டில் இழுக்கும் விசையும் அதே அளவு இருக்கிறது. கட்டை எடை குறைந்து தூக்கலில் மிதக்கும் நிலையில் மணலோடு உராய்வும் குறைந்துபோகும். எனவே கட்டைக்கு முன்னால் உள்ள மணல் கெட்டிப்படுத்தியதாக இருக்க வேண்டும். தோண்டிய குழியைத் தளர்ந்த மணலால் மூடிவிட்டுப் போனால் முதல் கச்சான் காற்றிலேயே கட்டை ஓரிரு விரற்கடை நகரும். அவ்வளவு நகர்ந்தாலே துணியின் விறைப்பு பாதியாகிவிடும். அடி அகன்ற கட்டையை ஆழத்தில் வைத்து அதன் தோளில் மணலை ஏற்றினால் கான்கிரீட் மிச்சமாகும். திருகு நங்கூரங்கள் நல்ல மாற்று. ஆனால் ஒவ்வொன்றையும் வடம் மாட்டுவதற்கு முன் ஜாக்கி வைத்து, கணக்கிட்ட விசையின் ஒன்றேகால் மடங்காவது இழுத்துப் பார்க்க வேண்டும். கடற்கரை மணல் பத்தடிக்குப் பத்தடி மாறும்.

தாங்குவடத்தை எவ்வளவு தள்ளிக் கட்டுகிறோமோ அவ்வளவு தூக்கல் குறையும். தரையோடு 30 பாகை வைத்தால் 57 என்பது 33 ஆகும், 60 பாகையில் 99 ஆகும். இடம் நெருக்கம் என்று வடத்தைக் கம்பத்தோடு ஒட்டிக் கட்டுபவர்கள் கான்கிரீட்டில் அதற்கு விலை கொடுக்கிறார்கள். தள்ளிக் கட்டினாலோ வண்டி வரும், ஐஸ் பெட்டி வரும், இருட்டில் ஆள் வந்து தடுக்குவார்.

நான்கு மூலைக்கு எட்டுக் கட்டை, 51 கன மீட்டர் கான்கிரீட். 47 சதுர மீட்டர் நிழலுக்கு! இதற்குத் தளமே போட்டிருக்கலாம்.

அதனால்தான் இந்தக் கரைக்குச் சட்டம் சுற்றிய கூரையைத்தான் நான் சொல்வேன். நான்கு கம்பங்களின் தலைகளையும் குழாய்களால் இணைத்துவிட்டால் மூலை இழுப்பு இரண்டு குழாய்களில் அமுக்கமாகப் பிரிந்து அங்கேயே அடங்கும். ஒவ்வொரு குழாயிலும் ஏறத்தாழ 81 கிலோ நியூட்டன், 8.3 டன். மண்ணுக்குப் போவது கூரையின் மொத்தத் தூக்கலும் பக்கவாட்டுத் தள்ளலும்தான். மூலைக்கு 12 கிலோ நியூட்டன் தூக்கல். மூழ்கிய கட்டையாக ஒன்றேகால் கன மீட்டர் சுமார். பக்கவாட்டுக்காக இரட்டிப்பாக்கினாலும் மொத்தம் பத்து, பன்னிரண்டு கன மீட்டருக்குள் முடியும். ஆனால் குழாயைத் தேர்ந்தெடுக்கும்போது கவனம் வேண்டும். சாய்வோடு சேர்த்து அதன் நீளம் 8.5 மீட்டர். 114 மி.மீ. வெளிவிட்டமும் 4.5 மி.மீ. தடிமனும் உள்ள குழாய் ஆறரை டன்னிலேயே நெளிந்துவிடும். இரும்பு உடைவதற்கு வெகு முன்னால், நீளம் என்ற ஒரே காரணத்தால் வளைந்துபோகும். 168 மி.மீ. குழாய், தடிமன் ஏறக்குறைய 5 மி.மீ. என்றால் 20 டன்னைத் தாண்டித்தான் நெளியும். இழுப்பில் மெல்லிய வடம் போதும், அமுக்கத்தில் தடித்த குழாய் வேண்டும் என்ற இந்தப் பாகுபாடுதான் இலகு கட்டமைப்பு என்ற துறையின் அடித்தளமே.

இன்னொரு யோசனை: ஒரே பெரிய துணியாக 20 மீட்டர் போடாமல், 5 மீட்டருக்கு 5 மீட்டர் சட்டங்களை வரிசையாக நிறுத்தலாம். ஒன்று கிழிந்தால் ஒன்றை மாற்றினால் போதும். இறக்குவதற்கு நான்கு பேர் போதும்.

இறக்குவது பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். வடகடலிலும் தென்கடலிலும் பாய் கட்டி ஓடியவர்கள் புயலில் பாயை விட்டுவைத்ததில்லை. துணிக்கூரையையும் அந்த எண்ணத்தோடுதான் வடிவமைக்க வேண்டும். எச்சரிக்கைக் கூண்டு ஏறியதும் இரண்டு மணி நேரத்தில் துணி கீழே வந்துவிட வேண்டும். அதற்கு முதல் தேவை, துணி இல்லாமலும் கம்பங்கள் தாமாக நிற்பது. துணியின் இழுப்பை நம்பியே நிற்கும் கம்பங்கள், துணியை அவிழ்த்ததும் தாங்குவடத்தின் பக்கம் சாய்ந்து விழும். இறக்கும்போது ஆட்களுக்குக் காயம் படுவது இதனால்தான். சட்டக்கூரையில் இந்தத் தொல்லை இல்லை என்பது அதன் இன்னொரு நன்மை. அவிழ்க்கும் வரிசை: தாழ்ந்த மூலை ஒன்று, எதிர்த் தாழ்ந்த மூலை, பிறகு உயர்ந்தவை, ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாக, ஒரே சுற்றில் முழுக்க விடாமல். இறக்கிய துணியை உப்பைக் கழுவி, உலர்த்தி, உருட்டி வையுங்கள். பி.வி.சி. துணி மடிப்பைத் தாங்கும். கண்ணாடி இழையில் டெஃப்லான் பூசிய துணி மடித்தால் இழை முறிந்துவிடும். அது 25, 30 ஆண்டுகள் நிற்கும், ஜெத்தா ஹஜ் முனையத்தில் 1981 முதல் நிற்கிறது. ஆனால் ஏற்றி இறக்கும் கூரைக்கு அது ஆகாது.

துணி வெட்டும்போது அளவுக்கு அப்படியே வெட்டக் கூடாது. இழுத்தால் நீளும் அளவை முன்கூட்டிக் குறைத்து வெட்ட வேண்டும். பாவுக்கும் ஊடைக்கும் நீட்சி வேறு, ஊடை பெரும்பாலும் கூடுதலாக நீளும். அரை விழுக்காடு தவறினால் 11 மீட்டரில் 5 செ.மீ. வடத்தை இறுக்கும் திருகான டர்ன்பக்கிளை முழுக்கத் திருகியும் சுருக்கம் போகாத கூரைகளில் நடந்திருப்பது இதுதான். அந்தச் சுருளிலிருந்தே வெட்டிய துண்டை இரண்டு திசையிலும் சேர்த்து இழுத்துப் பார்த்த சோதனை அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். இணைப்புகள் உயர் அதிர்வெண் முறையில் உருக்கி ஒட்டியவையாக, 4 முதல் 6 செ.மீ. மேற்கவிவோடு இருக்க வேண்டும். மேல் துண்டு கீழ்த் துண்டின் மீது கவிய வேண்டும், ஓடு வேய்வது போலத் தண்ணீர் போகும் பக்கமாக. தைத்த இடங்களில் சாதாரண பாலியெஸ்டர் நூல்தான் முதலில் வெயிலுக்குப் போகும். துணி நன்றாக இருக்க, நூல் மட்டும் தூளாகும்.

இனி உலோகம். இங்கே பேச நிறைய இருக்கிறது, ஏனென்றால் இந்தக் கரையில் கூரைகள் பெரும்பாலும் துணியால் விழுவதில்லை, துருவால் விழுகின்றன. மத்திய மின்வேதியியல் ஆய்வகம் கடற்காற்றில் உலோகம் அரிபடுவதைச் சோதிக்க மண்டபத்தில் நிலையம் வைத்திருப்பது சும்மா இல்லை. ஒரு பக்கம் மன்னார் வளைகுடா, மறுபக்கம் பாக் விரிகுடா; கச்சானிலும் உப்பு, வாடையிலும் உப்பு.

குழாய்க்கும் தகட்டுக்கும் சூடான நாகத்தில் (துத்தநாகத்தில்) முழுக்க முக்கியெடுத்த பூச்சு வேண்டும். 5 மி.மீ. தடிமனுக்கு மேல் உள்ள இரும்புக்கு ஐ.எஸ். 4759 கேட்பது சதுர மீட்டருக்கு 610 கிராம், சுமார் 86 மைக்ரான். கடுமையான கடற்கரைச் சூழலில் நாகம் ஆண்டுக்கு 4 முதல் 8 மைக்ரான் தேயும். ஆக 10 முதல் 20 ஆண்டு, அலைத் தூவானம் நேரே விழும் இடத்தில் அதைவிடக் குறைவு. அதன் மேல் எபாக்சி, பாலியுரித்தேன் வண்ணம் சேர்த்தால் ஆயுள் நீளும். முக்கியமானது: துளை போடுவதும் வெல்டிங்கும் நாகத்தில் முக்குவதற்கு முன்னால் முடிந்துவிட வேண்டும். களத்தில் ஒரு துளை கூட்டிப் போட்டால் அங்கிருந்துதான் துரு கிளம்பும். குழாயின் இரு முனையிலும் காற்றும் நாகமும் போகத் துளை விடாவிட்டால், உள்ளே அடைந்த ஈரம் ஆவியாகித் தொட்டியிலேயே குழாய் வெடிக்கும் ஆபத்து உண்டு.

வடமும் பூட்டுகளும் துருப்பிடிக்காத எஃகில் (எஸ்.எஸ்.) 316 வகையாக இருக்கட்டும். 304 வகை சில மாதங்களில் தேநீர்க் கறை பிடித்துவிடும். பிளாஸ்டிக் உறை போட்ட வடம் பார்க்கச் சுத்தமாக இருக்கும், ஆனால் வாங்காதீர்கள். உறைக்குள் புகுந்த உப்புநீர் வெளியேற வழியின்றி, காற்றும் படாமல், உள்ளிருந்தே அரிக்கும். வெளியே ஒரு அடையாளமும் தெரியாது. வட முனைகளுக்கு யூ போல்ட் கிளிப் போடாமல் ஆலையில் அழுத்திய முனைகளையே வாங்குங்கள். தற்காலிகமாகக் கிளிப் போட்டே தீர வேண்டுமென்றால் யூ வளைவு வெட்டிய முனையின் மேலும், சேணப் பகுதி பளு தாங்கும் வடத்தின் மேலும் உட்கார வேண்டும். மாற்றிப் போட்டால் பளு தாங்கும் வடம் நசுங்கிவிடும்.

எஸ்.எஸ். போல்ட்டை நாகம் பூசிய தகட்டில் நேரே போட்டால் உப்பு ஈரத்தில் நாகம் கரைந்து போல்ட்டைக் காப்பாற்றும், தகடு போய்விடும். நடுவே நைலான் வாஷரும் துளைக்குள் நைலான் குழலும் வேண்டும். எஸ்.எஸ். டர்ன்பக்கிளைப் பளுவோடு வேகமாகத் திருகினால் மரை ஒன்றோடொன்று ஒட்டி இறுகிப்போகும். அதை வெட்டித்தான் எடுக்க முடியும். மரைக்கு ஒட்டுத்தடுப்பு கிரீஸ் தடவி, மெதுவாகத் திருகுங்கள்.

மழை படாத இடம்தான் முதலில் துருப்பிடிக்கும். மேற்பரப்பில் படியும் உப்பை மழை கழுவிவிடுகிறது. கூரையின் அடியில், தகட்டின் பின்புறம், வடத்தை மாட்டும் ஷாக்கிள் வளையத்தின் உள்வளைவில் உப்பு சேர்ந்துகொண்டே போகும். ஆகவே ஆண்டுக்கு இரண்டு முறையாவது நல்ல தண்ணீரால் அடிப்பக்கத்தைக் கழுவ வேண்டும். நல்ல தண்ணீர் விலைக்கு வாங்கும் ஊர்களில் இது எளிதில்லை என்பது தெரியும். கூரையில் விழும் மழையைத் தாழ்ந்த மூலைகளில் தொட்டி வைத்துப் பிடித்தால், 47 சதுர மீட்டரில் 1 செ.மீ. மழைக்கு 470 லிட்டர். கழுவ அது போதும்.

கட்டும் காலம் மாசி, பங்குனி. ஆடியில் கட்டாதீர்கள். பாதி கட்டிய துணிதான் முழுக்க கட்டியதைவிட ஆபத்தானது. துணியை விடியற்காலையில், கடற்காற்று எழும் முன் ஏற்ற வேண்டும். தரையில் தார்ப்பாய் விரித்து அதன் மேல்தான் துணியைப் பிரிக்க வேண்டும். மணல் துகள் மடிப்பில் சிக்கினால் பூச்சைக் கீறிவிடும். நான்கு மூலைகளையும் செயின் பிளாக்கில் மாட்டி, உயர்ந்த இரண்டை முதலில் இடத்தில் நிறுத்தி, பிறகு தாழ்ந்த இரண்டையும் மாறி மாறி, ஒரு முறைக்கு 2, 3 செ.மீ. என்று இழுங்கள். முன்னிழுவிசை மீட்டருக்கு 1.5 கிலோ நியூட்டன் வந்தால் போதும். விளிம்பு வடத்தில் அது 15.6, அதாவது 1.6 டன். மூலையில் அளவுமானி மாட்டிப் பார்க்காமல் கையால் தட்டிப் பார்த்துச் சொல்லக் கூடாது. வேலை முடியும்போது டர்ன்பக்கிளில் குறைந்தது 15 செ.மீ. திருகு மீதமிருக்க வேண்டும், ஏனென்றால் பாலியெஸ்டர் தொடர் இழுப்பில் மெல்ல நீளும். மூன்று நான்கு வாரத்தில் ஒரு முறை, ஆறு மாதத்தில் ஒரு முறை மீண்டும் இறுக்க வேண்டியிருக்கும். இறுக்காமல் விட்ட துணி காற்றில் படபடக்கும். அந்த அடிதான் மூலைத்தகட்டின் ஓரத்தில் துணியை ஒரே இடத்தில் லட்சக்கணக்கான முறை மடக்கி முறிக்கிறது.

உயர்நீர்க் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் கட்டுவதென்றால் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் பொருந்தும். கழற்றக்கூடியது என்பதால் அனுமதி வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்பாமல் முதலில் விண்ணப்பம் போடுங்கள்.

வேலை முடிந்ததும் அதே சுருளிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் துணியைக் கேட்டு வாங்கி, வெயில் படாமல் சுருட்டி வையுங்கள். ஒட்டுப் போட வேண்டி வந்தால் கிழிசலைச் சுற்றி எல்லாப் பக்கமும் 5 செ.மீ. கூடுதலாக, மூலைகளை வட்டமாக வெட்டிய துண்டு வேண்டும். துணியின் மேலுள்ள அழுக்குத்தடுப்புப் பூச்சு உருகி ஒட்டாது, அதை உப்புத்தாள் கொண்டு தேய்த்து எடுத்த பிறகே வெப்பக்காற்றுக் கருவியால் உருக்கி உருளையால் அழுத்த வேண்டும். இழுப்பைத் தளர்த்தாமல் ஒட்டிய ஒட்டு நிற்காது.